மூன்றாம் எண் அறைக்கு மேற்குக் காற்று ஆகாது

ஜூன் 3

தங்கச்சிக்கு அண்ணன் சொல்லி, படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் அம்மா எழுதியது.

உன் கடிதம் வந்தது. டிக்கெட்டம்மா ஒரு தடவைதான் படித்தாள். எனக்கு எழுத்து தெரியாதே தவிர, காது நன்றாகக் கேட்கும். ஒரு தடவை உள்ளே போனது வெளியே வராது. நீ என்ன எழுதினாய் என்று திருப்பிச் சொல்லட்டுமா? "மழைக்காலத்தில் அந்தத் தீவுக்கு ஈ காக்கை வராது. வாடகைக்கு விடும் நாலு அறையும் பூட்டிக் கிடக்கிறது. விடுதி கட்டுகிறவர் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். வீடு நம் இருவர் பேரில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போடுகிறேன். நீ கைநாட்டு வைத்துவிட்டு என்னோடு வந்து இரு. மூன்றாம் மாடிதான், லிப்ட்தான் இருக்கிறதே." ஒரு எழுத்தாவது விட்டேனா?

லிப்டில் ஏறி நான் எங்கே போக? இறங்கித்தான் எங்கே போக?

மழைக்காலத்தில் ஆள் வராததற்கு மழை காரணம் இல்லை. வந்தவர்களிடம் "இன்னைக்கு வெளிய போக முடியாதுங்க" என்று கையை விரித்து அறையில் உட்கார வைக்கிறார்களே, அவர்கள்தான் காரணம். ஜன்னல் வழியாகக் கடல் பார்க்க ஒருத்தன் படகு ஏறி வருவானா? மழையில் என்னென்ன செய்யலாம் என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் கூட்டம் தானாக வரும். அந்த ஆள் நான்தான். வாழ்நாளெல்லாம் படகு ஓட்டினேன். எந்த வருஷம் எந்த மழை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேள், சொல்கிறேன்.

ஒரு பந்தயம். உன்னோடு காலையில் நடக்கப் போகிற பெண்களை, மழை உச்சத்தில் இருக்கும்போது ஒரு வாரம் கூட்டிக்கொண்டு வா. ஒருத்தியாவது "சலிப்பாக இருக்கிறது" என்று சொன்னால், நீ கொண்டுவரும் காகிதத்தில் கேட்காமலே கைநாட்டு வைக்கிறேன். "அடுத்த மழைக்கும் வருவோம்" என்று சொன்னால், வீட்டை விற்கிற பேச்சு உன் வாயில் வரக்கூடாது.

துணிவு இருந்தால் பதில் போடு.

அண்ணன்


ஜூன் 11

அண்ணாவுக்கு,

இந்த வயதில் பந்தயமா? சரி, பந்தயமே இருக்கட்டும். நானும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள்தான். உன் அதட்டலுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை.

ஆனால் நான் ஏன் விற்கச் சொல்கிறேன் என்பதை நீ சௌகரியமாக விட்டுவிட்டுத் திருப்பிச் சொல்கிறாய். போன வருஷம் உனக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கத்துத் துறைக்கு வந்தேன். படகு இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கையில் மாத்திரை, எதிரே கடல். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஊசி போட்ட எனக்கு, கூடப் பிறந்தவனுக்கு நெற்றியில் கை வைத்துப் பார்க்க வழியில்லை. அந்த நிற்பை இன்னொரு தடவை நிற்க என்னால் முடியாது. அவ்வளவுதான்.

நாங்கள் எட்டுப் பேர் வருகிறோம். இரண்டு பேருக்கு ஓர் அறை. மூன்று பேரைப் பற்றி மட்டும் நீ தெரிந்துகொள். ஒருத்தி வங்கியில் மேனேஜராக இருந்தவள். மதியம் தூங்காவிட்டால் அவளுக்கு உலகம் இருண்டுவிடும். யார் சொல்லியும் எதையும் செய்யமாட்டாள். இன்னொருத்தி தையல் கடை வைத்திருக்கிறாள், சும்மா உட்காரத் தெரியாது. மூன்றாமவளை நாங்கள் குறட்டை என்று கூப்பிடுவோம். காரணம் முதல் ராத்திரியே உனக்குத் தெரியும். மற்ற நாலு பேர் சொன்னபடி கேட்பார்கள்.

ஒவ்வொரு நாளும் காலையில் என்ன, மதியத்துக்கு மேல் என்ன என்று எழுதி அனுப்பு. "மழை நின்றதும் பார்க்கலாம்" என்று ஒரு இடத்தில்கூட வரக்கூடாது. மழை நிற்காது என்றே வைத்துக்கொண்டு திட்டம் போடு.

தங்கை


ஜூன் 19

தங்கச்சிக்கு,

முதல் நாள்: நனைந்துகொண்டே வந்து இறங்குவீர்கள். வெந்நீர் காய்ந்திருக்கும். இஞ்சி தட்டிப் போட்ட டீ இருக்கும். "எதுக்குடி வந்தோம்" என்று ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொள்ளலாம். அதற்கு ஒரு நாள் வேண்டும், அதையும் திட்டத்தில் சேர்த்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் செருப்புப் போட்டி. சிரிக்காதே. மழை அடித்த மறுநாள் கடல் எதையெல்லாமோ கரையில் தள்ளும். பாட்டில், மிதவை, பொம்மைத் தலை. செருப்பு மட்டும் எப்போதும் ஒற்றையாகத்தான் வரும். எட்டுப் பேரும் கரையோரம் நடந்து, யார் ஒரு ஜோடி சேர்க்கிறாளோ அவளுக்குப் பரிசு. இத்தனை வருஷத்தில் நான் பார்த்து ஒரே ஒருத்தன்தான் ஜோடி சேர்த்தான். அதிலும் ஒன்று அவன் காலில் இருந்தது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் உப்பங்கழியில் அலை கிடையாது. அங்கே தூறலில் படகு விடலாம். மழைநேரம் அந்தத் தண்ணீர் சுடுதண்ணீர் மாதிரி இருக்கும், கையை விட்டுப் பார்த்தால் எடுக்க மனசு வராது. கலங்கரை விளக்கத்துக்குக் கூட்டிப் போகிறேன். விளக்குக்காரருக்கு இந்த மாதத்தில் பேச்சுத் துணை கிடையாது, மேலே ஏற்றி எல்லாம் காட்டுவார். படகுகள் நிற்கிற நாளில் படகுக்காரர்கள் சும்மா இருப்பார்கள், கயிறு முடிச்சுப் போடக் கற்றுத்தருவார்கள். துறையில் குடை பிடித்துக்கொண்டு மீன்பிடிப் போட்டி. தண்ணீர் கலங்கினால் மீனுக்குப் புத்தி மங்கும், முதல் தடவை தூண்டில் பிடிக்கிறவளுக்கும் மாட்டும். கீழ்ப்பக்க முற்றத்தில் தகரக் குழாயிலிருந்து மழைத்தண்ணீர் கொட்டும், அதுதான் குளியல். கேரம் உண்டு. ஈரத்தில் காய் நகராது, அதனால் பலகையை அடுப்புப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

இனிமேல் சொல்வது முக்கியம், டிக்கெட்டம்மா அடிக்கோடு போட்டிருக்கிறாள். மேற்கிலிருந்து காற்று வந்தால் மூன்றாம் எண் அறைக்காரர்கள் உடனே சமையலறைக்கு வந்துவிட வேண்டும். கேரம் அப்போதுதான். காற்று வடக்கே திரும்பினால் ஒன்றாம் எண் அறைக்காரர்கள் விளக்கைப் பார்க்கப் போக வேண்டும். இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்தால் எல்லாரும் சாமான் அறை வாசலில் கூடிப் பாட்டுப் போட்டி. மழை மேட்டைத் தாண்டும் முன்னாலேயே நான் சொல்லிவிடுவேன். உனக்கு முதல் சம்பளம் வந்த வருஷம் பெய்ததே, அந்த மாதிரி மழை இந்த வருஷமும் வரும் போலிருக்கிறது.

ஏன் என்று கேட்காதே. காற்றோட்டம்.

அண்ணன்


ஜூன் 26

அண்ணாவுக்கு,

உன் திட்டத்தை நடைப்பயிற்சிக்கு நடுவே நின்று படித்துக் காட்டினேன். செருப்புப் போட்டியைக் கேட்டதும் குறட்டை சிரித்த சிரிப்பில் பூங்காவில் இருந்த நாய் எழுந்து ஓடியது. தையல்காரி கயிறு முடிச்சுக்கு இப்போதே விரலைப் பழக்குகிறாள். வங்கிக்காரம்மா மட்டும், "எல்லாம் சரி, நான் எப்பத் தூங்குறது?" என்றாள்.

எனக்கு மூன்று சந்தேகம். கேரம் ஏன் சமையலறையில்? நடுக்கூடம் எதற்கு இருக்கிறது? பாட்டுப் போட்டி ஏன் சாமான் அறை வாசலில்? அங்கே எட்டுப் பேர் நின்றால் மூச்சு விட இடம் இருக்காது. ஆட்களை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு விரட்டிக்கொண்டே இருப்பது விடுமுறையா, தீயணைப்புப் பயிற்சியா?

"காற்றோட்டம்" என்று மட்டும் பதில் எழுதாதே.

நானே நேரம் போட்டு ஒழுங்கான அட்டவணையாக எழுதியிருக்கிறேன். காலை டீ, செருப்பு, குளியல், சாப்பாடு, ஓய்வு, கேரம். அதன்படிதான் நடக்கும். விற்பனைக் காகிதத்தையும் பையில் வைத்துவிட்டேன்.

தங்கை


ஜூலை 2

தங்கச்சிக்கு,

உன் அட்டவணையை மழையிடம் படித்துக் காட்டினேன். அதற்கும் என்னைப்போல எழுத்து தெரியாதாம்.

வருகிறாய், அவ்வளவுதான் எனக்கு வேண்டும். சந்தேகத்தையெல்லாம் வந்த பிறகு வைத்துக்கொள். காகிதத்தைப் பையில் பத்திரமாக வை, நனைந்துவிடாமல் திரும்ப எடுத்துப் போக வேண்டியிருக்கும்.

அண்ணன்

அம்மா, குடை நிறையக் கொண்டு வாருங்கள். வெளியே போவதற்கு மட்டும் சொல்லவில்லை. இந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. — டிக்கெட் கொடுப்பவள்


ஜூலை 14
இரண்டாம் எண் அறை

அண்ணாவுக்கு,

கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன் என்று யாரும் சிரிக்க வேண்டாம். உன்னோடு நான் பேசுவதாக இல்லை. படகு ஓடாததால் டிக்கெட்டம்மாவுக்கு வேலை இல்லை. அவள் கொண்டுவந்து தருவாள், அவளே படித்தும் காட்டுவாள்.

இன்று மதியம் வரைக்கும் நான் தோற்றுக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். செருப்புப் போட்டியில் எட்டுப் பேரும் எட்டு வயதுப் பிள்ளைகளாகிப் போனோம். விளக்குக்காரர் எங்களைக் கீழே இறங்கவே விடவில்லை. கழித் தண்ணீரில் விட்ட கையைக் குறட்டை வெளியே எடுக்கவே இல்லை, நாங்கள்தான் இழுத்துக்கொண்டு வந்தோம். சலிப்பு என்ற சொல் ஒருத்தி வாயிலும் வரவில்லை.

இன்றைக்கு எல்லாரையும் அவசரம் அவசரமாக மீன்பிடிக்க விரட்டினாய். "கிளம்புங்க, கிளம்புங்க, மீன் காத்திருக்காது" என்றாய். வங்கிக்காரம்மா வரவில்லை. மூன்றாம் எண் அறையில் தூங்கப் போனாள். நாங்கள் திரும்பி வந்தபோது அவள் கட்டிலில் சம்மணம் போட்டு, தலைக்கு மேல் குடையை விரித்துப் பிடித்தபடி பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். மெத்தை ஊறிப் போயிருந்தது. என்னைப் பார்த்து, "உங்கண்ணன் திட்டத்துல இந்த அருவியும் உண்டா, இல்ல எனக்கு மட்டும் ஸ்பெஷலா?" என்றாள்.

பரணில் ஏறிப் பார்த்தேன். பெயிண்ட் டப்பா, எண்ணெய் டின், அண்ணி வைத்திருந்த பால் பாத்திரம், உடைந்த வாளி. ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஓட்டுக்கு நேர் கீழே. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. மேற்குக் காற்று என்றால் மூன்றாம் எண் ஒழுகும், கேரம். வடக்குக் காற்று என்றால் ஒன்றாம் எண் ஒழுகும், கலங்கரை விளக்கம். ஒழுகாத இடம் சாமான் அறை ஒன்றுதான், அதனால் அங்கே பாட்டு. எட்டுப் பெண்களைக் கேரம் காய் மாதிரி சுண்டிச் சுண்டி நகர்த்தியிருக்கிறாய்.

இது திட்டமா அண்ணா? இது ஏமாற்று.

தங்கை


அதே நாள்
சமையலறை

தங்கச்சிக்கு,

டிக்கெட்டம்மா படித்து முடித்ததும் "எழுந்து போய் மன்னிப்புக் கேளுங்களேன்" என்றாள். எதற்கு?

கூரை ஒழுகுமா என்று நீ ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. சலிப்புத் தட்டுமா என்பதுதான் கேள்வி. தட்டவில்லை என்று நீயே எழுதிவிட்டாய், உன் கையால். பந்தயம் அதைப் பற்றித்தான்.

வந்த நாளிலிருந்து இன்று மதியம் வரை, கூரைக்குக் கீழே இருந்த ஒருத்தி தலையில் ஒரு சொட்டு விழுந்ததா, கேட்டுச் சொல். காற்று எப்போது திரும்பும் என்று பார்த்துப் பார்த்து என் கழுத்து பிடித்துக்கொண்டது. வங்கிக்காரம்மா மற்றவர்களோடு கிளம்பியிருந்தால் மீனும் கிடைத்திருக்கும், மெத்தையையும் நான் சுருட்டித் தள்ளி வைத்திருப்பேன். ஊரில் இத்தனை பேருக்குக் கடன் இல்லை என்று சொன்ன வாய், ஒரு மதியத் தூக்கத்துக்கு இல்லை என்று சொல்லக் கூடாதா?

மீன் குழம்பு கொதிக்கிறது. கோபத்தோடு வந்து சாப்பிட்டாலும் ருசி குறையாது.

அண்ணன்


ஜூலை 15
இரண்டாம் எண் அறை

அண்ணாவுக்கு,

குழம்பு நன்றாக இருந்தது. அது வேறு விஷயம்.

சாமான் அறைக்குப் பின்னால் மூங்கில் ஏணி சாய்ந்து நிற்கிறது. அடிக்காலில் சேறு. நடுவில் ஒரு படி உடைந்து, புதுக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. நீ நாளெல்லாம் இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறாய். கேட்டதற்கு "வாதம்" என்றாய். நான் எத்தனை கால்களைப் பார்த்தவள். வாதம் இப்படி நீலம் பாரிக்காது.

டிக்கெட்டம்மாவைக் கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தாள். பிறகு படகுக்காரர் ஒருவரைக் கேட்டேன். அவர் பட்டென்று சொல்லிவிட்டார்: "நீங்க வர்றீங்கன்னு போன வாரந்தான் ஓடு மாத்த ஏறினாரும்மா. ஆளைக் கூப்பிடச் சொன்னோம், கேக்கல. படி ஒடஞ்சு வழுக்கி விழுந்து, ரொம்ப நேரம் கழிச்சுத்தான் நாங்க பாத்தோம்."

ரொம்ப நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை.

கூரை ஒழுகுவதற்காக நான் வீட்டை விற்கவில்லை. கூரை ஒழுகினால் நீ ஏறுவாய், அதற்காக விற்கிறேன். படகு ஓடத் தொடங்கியதும் நாங்கள் கிளம்புகிறோம். போய்ச் சேர்ந்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன்.

தங்கை


ஜூலை 15, விளக்கு வைத்த பிறகு
சமையலறை

தங்கச்சிக்கு,

ஏறினேன். விழுந்தேன். சாகவில்லை. மூன்றையும் ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது நான் சொல்வதையும் நீ கேள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் மூன்றாம் மாடியில் ஒரு மாதம் இருந்தேன். நீ ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் நடக்கப் போவாய், கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். நான் நாற்காலியில் உட்காருவேன். நீ வந்து "மாத்திரை போட்டியா" என்பாய். போட்டேன் என்பேன். மதியம் "சாப்டியா" என்பாய். சாப்பிட்டேன் என்பேன். ஒரு மாதம் முழுக்க என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி அந்த இரண்டும்தான். ஒருநாள் லிப்டில் ஒருத்தர் "எத்தனாவது மாடி?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

இங்கே விடிந்தால் "பெரியவரே, இன்னைக்குக் காத்து எப்படி, வலை போடலாமா?" என்று கேட்பார்கள். தப்பாகச் சொன்னால் திட்டவும் செய்வார்கள். அந்தத் திட்டு வாங்குகிற வரைக்கும்தான் நான் ஆள்.

உன் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் பந்தயம் பந்தயம்தான். உன் கூட்டத்தைக் கேள். ஒருத்தி மறுபடி வரமாட்டேன் என்றாலும் போதும், நான் பேச்சு மாறாமல் கைநாட்டு வைக்கிறேன். மெத்தை நனைந்தவளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அண்ணன்


ஜூலை 19

தங்கச்சிக்கு,

நீங்கள் போன படகு கண்ணுக்கு மறைந்ததும் வீட்டுக்கு வந்தேன். ஏணியைக் காணோம்.

முதலில் படகுக்காரர்களைத் திட்டினேன். பிறகு விளக்குக்காரரைத் திட்டினேன். டிக்கெட்டம்மாவைக் கேட்டால் இருமுகிறாள்.

உன் கூட்டம் கடைசி இரண்டு நாளும் செய்ததற்கு நான் நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். தையல்காரி பழைய படகு மூடாக்குகளை ஊசியும் தடிநூலுமாக ஒட்டுப்போட்டுத் தைத்த தார்ப்பாய் மேற்குப் பக்கத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. படகுக்காரர்கள் மேலே, அவள் கீழே. "இன்னும் கொஞ்சம் இழு, அங்க சுருக்கம் தெரியுது" என்று கூரைக்கு அளவெடுத்துச் சட்டை போட்டமாதிரிப் போட்டுவிட்டாள். நேற்று மேற்குக் காற்றில் ஒரு சொட்டு இல்லை.

ஆனால் வடக்குப் பக்கம் இன்னும் பார்க்க வேண்டும். ஏணி வேண்டும். எங்கே?

அண்ணன்


ஜூலை 23

அண்ணாவுக்கு,

ஏணி என் வீட்டில் இருக்கிறது.

கிளம்பும் நாள் காலையில் வங்கிக்காரம்மா உன்னிடம் வந்து, "அந்த இரட்டை முடிச்சு மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குது, சமையலறையில வச்சு நிதானமாச் சொல்லிக்குடுங்க" என்று கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு இல்லாத ஞாபகமா. அது வங்கிக்காரம்மாவின் திட்டம். நீ எங்களை நகர்த்தியது மாதிரி உன்னையும் ஒரு தடவை நகர்த்திப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்த நேரத்தில் குறட்டையும் நானும் ஏணியைப் படகில் ஏற்றி, மிச்சத் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டோம். டிக்கெட்டம்மா அதற்குத் தனியாகச் சரக்கு டிக்கெட் கிழித்தாள்.

லிப்டில் ஏணி நுழையவில்லை. மூன்று மாடியும் படியேறித் தூக்கிக்கொண்டு வந்தோம். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து, "வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றோம்.

படகிலேயே எல்லாரையும் கேட்டேன். தையல்காரி, "வடக்குப் பக்கம் பாக்கி இருக்கே, வராம எப்படி?" என்றாள். மற்றவர்கள் அதற்கு முன்னாலேயே கையைத் தூக்கிவிட்டார்கள். வங்கிக்காரம்மாவைக் கடைசியாகக் கேட்டேன். "என் சர்வீஸ்ல யாரும் எனக்கு இவ்வளவு நல்லாப் பொய் சொன்னதில்ல. வருவேன். ஆனா மூணாம் நம்பர் எனக்கு வேண்டாம்" என்றாள்.

பந்தயத்தில் நீ ஜெயித்தாய். ஆனால் நான் முடிவை மாற்றியது அதற்காக இல்லை. சமையலறையிலிருந்து நீ கடைசியாக அனுப்பிய கடிதத்தில் இருந்த லிப்ட் விஷயத்தைப் படித்த பிறகு இந்த வீட்டில் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் பழைய வார்டில் ஒரு மழைக்கு மூலை ஒழுகியது. பெரிய டாக்டர் சுற்றி வரும்போதெல்லாம் நானும் கட்டில்களை நகர்த்தி நகர்த்தி, ஒன்றுமே இல்லாத மாதிரி நின்றிருக்கிறேன். பரணில் உன் டப்பாக்களைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி, இது என் வேலையாயிற்றே என்பதால் வந்தது.

விடுதி கட்டுகிறவர் வந்தார். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கூடத்தில் ஏணியைப் பார்த்து, "இது எதுக்கும்மா?" என்றார். "எங்கண்ணன் ஏறாம இருக்க" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மழை இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மழை ஓய்ந்த பிறகுதான் ஓடு மாற்ற ஆட்கள் வருவார்களாம், பேசிவிட்டேன். அது வரைக்கும் நீ அங்கே தனியாக இருக்கப் போவதில்லை. இனிமேல் அந்தத் துறையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்க நான் தயாராக இல்லை. கடலுக்கு அந்தப் பக்கமாகவே வந்து இருந்துவிடுகிறேன். அடுத்த வாரம் கிளம்புகிற முதல் படகில் வருகிறேன். மாத்திரைப் பெட்டியும் தார்ப்பாயும் கொண்டுவருகிறேன். ஏணியைக் கொண்டுவரமாட்டேன்.

எனக்கு ஓர் அறை ஒதுக்கி வை. திட்டம் எதுவும் போடாதே.

தங்கை


ஜூலை 28

தங்கச்சிக்கு,

டிக்கெட்டம்மா உன் கடிதத்தைப் படித்தாள். நான் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். என் ஞாபகத்துக்கு என்ன ஆயிற்று என்று அவள் பயந்துவிட்டாள். ஞாபகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுபடி கேட்க வேண்டும் போலிருந்தது.

வங்கிக்காரம்மாவுக்கு அன்றைக்கு இரட்டை முடிச்சு நன்றாகவே வந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். முதல் தடவையிலேயே சரியாகப் போட்டுவிட்டு, "வரல, வரல, இன்னொரு தரம் காட்டுங்க" என்று அவிழ்த்து அவிழ்த்துக் கொடுத்தாள். அவளிடம் சொல், நல்ல கை.

ஏணி போனது போகட்டும். ஏற மாட்டேன். யாரையாவது ஏற்றிவிட்டுக் கீழே நின்று கத்துவேன், அதற்கு நீ ஒன்றும் சொல்லக் கூடாது.

அறை கேட்டாய். ஒன்றாம் எண் வடக்குக் காற்றுக்கு ஆகாது. இரண்டாம் எண் நீ இருந்த அறைதான், ஆனால் காற்று தெற்கே நின்று அடித்தால் கதவோரம் சொட்டும். நீ இருந்த வாரம் தெற்குக் காற்று வராமல் இருந்தது என் அதிர்ஷ்டம். முந்தாநாள் அடித்த காற்றில் மூன்றாம் எண்ணின் தார்ப்பாய் ஓரம் தூக்கிக்கொண்டது, மறுபடி சொட்டுகிறது. நாலாம் எண்ணின் யோக்கியதையைச் சொல்லாமல் இருப்பது நல்லது. இந்த வீட்டில் எந்தக் காற்றுக்கும் ஒழுகாத இடம் சாமான் அறைதான். அதில்தான் நான் இத்தனை வருஷமும் படுக்கிறேன். எட்டுப் பேர் வந்தபோதும், வங்கிக்காரம்மா நனைந்தபோதும்கூட நான் அதை விட்டுக்கொடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

இன்று அரிசி மூட்டையைத் தள்ளி, கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, பெருக்கித் துடைத்துவிட்டேன். அது உனக்கு.

நான் மூன்றாம் எண்ணில் படுத்துக்கொள்கிறேன். எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் புரண்டு படுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அண்ணன்